ராஜாவுக்குத் தம்பி அனுப்பிய பலகாரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், நாகர்கோவிலுக்குப் பக்கத்தில், போர்டிங்கோடு சேர்ந்த ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் நான் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். இருபத்தாறு வயது. சொந்த ஊர் தஞ்சாவூர். கல்யாணம் வேண்டாம், வேலை பார்க்கிறேன் என்று பிடிவாதமாகக் கிளம்பி வந்ததால் அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷமாக ஒரு கார்டு கூட அவர் போட்டதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை நாலு மணி என்றால் திருவிழா மாதிரி. போர்டிங் பிள்ளைகளைப் பார்க்க வீட்டு ஆட்கள் வருவார்கள். ஆயா வராந்தாவில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, "ஆள் வந்திருக்கு" என்று கூப்பிடுவாள். வருகிறவர்கள் ஓலைப்பெட்டி நிறையப் பலகாரம் கொண்டுவருவார்கள். பெட்டி வந்தவள் அறையில் எல்லோருக்கும் பங்கு வைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். டீச்சர்கள் அறையிலும் அதே வழக்கம்தான். மற்ற டீச்சர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை ஆளுக்கொரு பொட்டலத்தோடு வருவார்கள்.

சும்மா கை நீட்டி வாங்கித் தின்ன எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை தனியாகக் கோட்டாறு கடைத்தெருவுக்குப் போய், பலகாரக் கடையில் முந்திரிக்கொத்து என்கிற பயற்று மாவு உருண்டை வாங்குவேன். அதைப் பழைய துணியில் சுற்றித் தைத்துப் பார்சல் மாதிரி ஆக்குவேன். திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் அந்தத் தையலைப் பிரித்து, "எங்க அண்ணா அனுப்பியிருக்கார்" என்பேன். எல்லோரும் ருசித்துத் தின்று அண்ணாவை வாழ்த்துவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். இது மாதத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும்.

அந்த வருஷம் கடைசி வகுப்புக்கு ஒரு பழைய இங்கிலீஷ் நாடகம் பாடம். நாட்டைப் பறிகொடுத்த ஒரு ராஜாவைக் கடலோரக் கோட்டையில் அடைத்து வைத்திருப்பார்கள். கன்னியாகுமரிப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் வட்டக்கோட்டையைப் பார்த்த பிள்ளைகள் என்பதால் கதை அவர்களுக்குச் சுலபமாகப் பிடிபட்டது. பாடம் முடிந்ததும் வழக்கமான கேள்வி பதில் வேண்டாம் என்று நினைத்தேன். நாடகத்தை வைத்து ஆளுக்கொரு வேலை செய்துகொண்டு வாருங்கள், எதுவானாலும் சரி, தமிழில் எழுதினாலும் சரி என்றேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளுக்கு இதில் அவ்வளவு சம்மதமில்லை. ஆனாலும் விட்டுவிட்டார்.

பிள்ளைகள் அசத்திவிட்டார்கள். இரண்டு பேர் களிமண்ணில் கோட்டை கட்டினார்கள். ஒருத்தி பழைய ஜன்னல் திரையில் ராஜாவுக்கு அங்கி தைத்தாள். மூன்று பேர் சேர்ந்து ராணியின் புலம்பலை நம் ஊர் ஒப்பாரி மெட்டில் பாடி, வகுப்பையே அழவைத்துவிட்டுத் தாங்களும் அழுதார்கள்.

கடைசியாக எழுந்தவள், திற்பரப்புக்கு மேலே மலையடிவாரத்திலிருந்து வந்து போர்டிங்கில் தங்கிப் படித்த பெண். அதிகம் பேசமாட்டாள். அம்மா கிடையாது, அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். சர்க்கார் பரீட்சை எழுதித் தேறினால் டீச்சர் டிரெயினிங் போகலாம், இல்லாவிட்டால் ஊருக்குப் போய்ச் சித்தியின் பிள்ளைகளைத் தூக்கிச் சுமக்க வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும். பரீட்சைக்கு யாரை அனுப்புவது என்று பள்ளிக்கூடம்தான் முடிவு செய்யும். அந்த லிஸ்ட் அந்த வாரம்தான் தயாராகிக்கொண்டிருந்தது.

அவள் நாடகத்தில் இல்லாத ஒரு காட்சியை எழுதி வந்து வாசித்தாள். கோட்டையில் ராஜா தினமும் சாயங்காலம் முகம் கழுவி, தலைப்பாகை கட்டி, வாசலில் வந்து நிற்கிறார். தூரத்தில் படகு தெரிந்தால் இரண்டு அடி முன்னால் போகிறார். படகு வேறு பக்கம் திரும்பியதும், "சும்மா காற்று வாங்க நின்றேன்" என்று காவல்காரனிடம் சொல்கிறார். பிறகு உள்ளே போய்த் தன் கையாலேயே பலகாரம் செய்து, பட்டுத் துணியில் கட்டிக் கொண்டுவந்து, "என் தம்பி அனுப்பியிருக்கிறான்" என்று காவல்காரனுக்குக் கொடுக்கிறார்.

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. துணி, பொட்டலம், பலகாரம், கூடப்பிறந்தவன் அனுப்பினது, எல்லாம் அப்படியே இருக்கிறதே. இவள் என்னை வேவு பார்த்திருக்கிறாள், வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். தாளைப் பிடுங்கிக்கொண்டேன். அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிற புத்தி உனக்கு எப்போது வந்தது என்று இன்னும் என்னென்னமோ கத்தினேன்.

"நான் ஆரையும் சொல்லல்ல டீச்சர்" என்றாள் அவள். அவ்வளவுதான். அது பச்சைப் பொய் என்று நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளிடம் போய், அந்தப் பெண்ணின் நடத்தை சரியில்லை, இந்த வருஷம் பரீட்சைக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன். என்ன செய்தாள் என்று கேட்டார். டீச்சரைக் கேலி செய்தாள் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு லிஸ்டில் அவள் பெயரை அடித்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது. இதை எழுதவே இப்போது கூசுகிறது.

வெள்ளிக்கிழமை எனக்குத் தலைவலி. வெந்நீர் கேட்டுப் போர்டிங் சமையல்கட்டுக்குப் போனேன். உள்ளே அந்தப் பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வறுத்த பயற்று மாவையும் பாகையும் சேர்த்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். தண்டனையா என்று சமையல்கார அக்காவிடம் கேட்டேன். அவள் வெந்நீர்ச் செம்பை என் கையில் கொடுத்து, வெளியே தள்ளிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இல்ல டீச்சர். அவள இந்த ரெண்டு வருசமா ஆரும் வந்து பாத்ததில்ல. சனிக்கிழமை நாலு மணிக்குத் தலை சீவி, பூ வச்சு, வராந்தா தூண் பக்கத்துல போய் நிப்பா. பொறவு இங்க செஞ்சத ஓலைப்பெட்டியில வச்சுக் கெட்டி, அத்தை குடுத்து விட்டாங்கன்னு மத்த பிள்ளையளுக்குக் குடுப்பா. ஆருட்டயும் சொல்லிராதீங்க டீச்சர், பிள்ள செத்திரும்."

வெந்நீர்ச் செம்பு கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை. அவள் எழுதினது என்னைப் பற்றி இல்லை. எழுதும்போது என் முகமே அவள் நினைவில் வந்திருக்காது. தன் சனிக்கிழமையைத்தான் அவள் ராஜாவுக்குக் கொடுத்திருக்கிறாள். உலகத்தில் எனக்கு மட்டும்தான் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நான், அதே துக்கத்தை இன்னொருத்தி எழுதி வந்தபோது அதையும் என்னுடையது என்று பிடுங்கிக்கொண்டேன்.

நேரே ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போனேன். பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றால் எனக்கு ஏன் கோபம் வந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமானால் அண்ணா கதையை அவிழ்க்க வேண்டும். கடைசியில், பார்சல் எதுவும் வருவதில்லை, கோட்டாற்றில் நானே வாங்குகிறேன் என்று சொல்லி முடித்தேன். அந்தப் பெண்ணின் ரகசியத்தை மட்டும் சொல்லவில்லை, அவள் என்னைக் கேலி செய்யவில்லை என்பது நிச்சயம் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முந்திரிக்கொத்து எங்க ஊர்ப் பலகாரம் டீச்சர். தஞ்சாவூர்ல அத ஆருக்குத் தெரியும்? முதல் பார்சலைப் பிரிச்ச அன்னைக்கே எங்க எல்லாருக்கும் தெரியும்."

பின் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, அதுக்குப் பொறவு நீங்க எங்க கூட உக்காந்து திங்க மாட்டீங்களே."

அப்புறம் புதுத் தாள் ஒன்றை எடுத்து, அடித்தல் திருத்தல் தெரியாதபடி லிஸ்ட் முழுவதையும் முதலிலிருந்து எழுதினார். அவள் பெயர் வருகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நாலு மணிக்கு, வந்திருந்த அப்பா அம்மாக்களோடு நானும் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஆயா என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். அவள் ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரைக் கூப்பிட்டு, "ஆள் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

தூண் பக்கத்தில் நின்றவளுக்கு அது தன் பெயர்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓடி வந்தாள். என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள். பெஞ்சில் வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நான்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அவள் முகம் வாடினது எனக்குத் தெரிந்தது. வேறு யாரையோ எதிர்பார்த்தாள், அது நான் இல்லை. அதை நான் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். உட்காரச் சொன்னேன். செய்தது தப்பு என்று சொன்னேன். என் பார்சல் கதையை அவளிடமும் சொன்னேன். அப்புறம்தான், பார்க்க வந்தவள் வெறுங்கையோடு வந்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அதையும் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

ஓலைப்பெட்டியோடு வந்தாள். பக்கத்தில் அவள் அறைப் பிள்ளைகள் தங்கள் வீட்டாரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே பெட்டியைத் திறந்து என் முன்னால் நீட்டி, "தின்னுங்க டீச்சர். நானே செஞ்சது" என்றாள்.

இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது, கோபம் மட்டும் நரைக்கவில்லை. ஆனாலும் யாரோ என்னைக் குத்திப் பேசுகிறார்கள் என்று தோன்றும்போதெல்லாம், பாவம், அவர்கள் தங்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ என்று வாயை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டுவிடுகிறேன்.