ஒன்பதாம் மாதமும் ஒரு கொதிக்கிற காரும்

2002-ஆம் ஆண்டு, பங்குனி மாத வெயில். போடியில் என் கணவர் வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் வழக்கம். ஆனால் என் அம்மா வீடு மயிலாடும்பாறையையும் தாண்டி உள்ளே இருக்கிறது. அவசரமென்றால் பஸ்ஸை நம்ப முடியாது. எனக்கோ பிரஷர் இருந்தது. வலி எடுத்தால் வேறெங்கும் போகாமல் நேரே தன்னிடம் வந்துவிட வேண்டும் என்று தேனி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதைக் கேட்டுவிட்டு வந்த வாரமே என் கணவர் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்திவிட்டார். அவர் ஆபீஸில் கிளார்க். அதுவரை ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டாதவர், அதன் பிறகு அவசரமாகக் கார் ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்தார். "எப்ப வலி வந்தாலும் நம்ம வண்டி வாசல்ல நிக்கும்" என்றார் பெருமையாக. நின்றது உண்மைதான். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும், "ஓட்டிப் பழகிட்டு வாரேன்" என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். திரும்பி வரும்போது இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி பானட்டிலிருந்து ஆவி வரும். மெக்கானிக்கிடம் காட்டினார். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், நாலைந்து நாள் ஆகும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த நாலைந்து நாளுக்குள் பிள்ளை வந்துவிட்டால்? வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். என்ன கோளாறு என்று வீட்டிலேயே, தானே கண்டுபிடித்துவிடுவதாக முடிவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசல் ஒர்க்‌ஷாப் ஆனது. கண்ணு பட்டிருக்கிறது, சுத்திப் போட வேண்டும் என்றார் என் மாமியார். தண்ணீர் போதவில்லை என்று உள்ளே பேப்பர் படித்தபடியே தீர்ப்புச் சொன்னார் மாமனார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இலவங்காயை உடைத்துப் பஞ்சு எடுக்கிற ஷெட் ஒன்று உண்டு. அதன் முதலாளி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார். எஞ்சினை இறக்கிற வேண்டியதுதான்" என்றார். எஞ்சினை இறக்கினால் எத்தனை நாள் ஆகுமோ என்று என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

என் கணவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எஞ்சினைக் குளிரவைக்கிற ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. எங்கேயும் ஒழுகவில்லை. ஃபேனைச் சுற்றவைக்கிற பெல்ட் இறுக்கமாக இருந்தது. மிச்சம் இருந்தது தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற சின்ன வால்வு அது. திறக்காமல் ஒட்டிக்கொண்டால் வண்டி கொதிக்குமாம். சுடுதண்ணீரில் போட்டால் திறக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, நூலில் கட்டி, அடுப்பில் வைத்த பாத்திரத்துக்குள் தொங்கவிட்டார். அது என் மாமியார் பால் காய்ச்சுகிற பாத்திரம்.

"ஏலே, பால்சட்டிக்குள்ள என்னடா அது, பூட்டா?"

"தெர்மோஸ்டாட்டும்மா."

"நாளைக்குப் பிள்ளைக்குப் பால் காச்சுற சட்டிடா! ஒனக்கு வேற ஏனமே கெடைக்கலையா?"

திட்டினாரே தவிர, நகரவில்லை. மாமனாரும் பேப்பரை வைத்துவிட்டு வந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நாலு பேரும் அடுப்பைச் சுற்றி நின்று, பொங்கல் பொங்குவதைப் பார்ப்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபோது அந்தப் பித்தளைத் தகடு மெல்ல எழும்பியது.

"தொறந்திருச்சுடா!" என்று மாமியார் கையைத் தட்டினார்.

"தொறந்தா அது நல்லா இருக்குன்னு அர்த்தம்மா" என்றார் மகன், அழாத குறையாக.

அதைத் திரும்ப மாட்டிவிட்டு ஃபேனைச் சோதிக்க முடிவு செய்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற அந்த ஃபேன், முன்பக்கத்துக் காற்றை உள்ளே இழுத்தால்தான் தண்ணீர் ஆறும். பானட்டைத் திறந்துவைத்து, காரின் முன்பக்க ஓரத்தில் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு எஞ்சினை உறும விட்டார். நன்றாகச் சுற்றியது. புழுக்கம் தாங்காமல் நான் மாமனாரின் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தாள் நழுவிக் காரின் மூக்கில் விழுந்து, அப்படியே வழுக்கித் தரைக்கு இறங்கியது.

வீட்டில் டேபிள் ஃபேனுக்குப் பின்னால் துணியைப் போட்டால் போய் ஒட்டிக்கொள்ளும். இத்தனை வேகமாகச் சுற்றுகிற ஃபேன் ஒரு தாளைக்கூட இழுக்கவில்லையே?

"என்னங்க, இது காத்தை இழுக்கவே மாட்டேங்குது."

"அதான் சுத்துதே!"

"சுத்துது. இழுக்கலை."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா, காலையிலருந்து நீங்க சுத்துன சுத்துக்கு வண்டி சரியாயிருக்கணும்."

எஞ்சினை அணைத்தார். சூடு ஆறியதும், ரேடியேட்டரை மறைத்திருந்த முன்பக்கத்துக் கிரில்லைக் கழற்றிவிட்டு என் சீப்பின் காம்பை உள்ளே விட்டு நெம்பினார். தோசையைக் கல்லிலிருந்து எடுப்பது போல, ரேடியேட்டரின் முகத்திலிருந்து ஒரு கனத்த படலம் உரிந்து வந்தது. பஞ்சு! தூசியும் பூச்சியும் சேர்ந்து இறுகிப்போன இலவம்பஞ்சு. காற்று நுழைய ஒரு துளை கிடையாது.

காரணம் உடனே புரிந்துவிட்டது. எஞ்சினுக்கு நல்லது என்று யாரோ சொன்னதால், தினமும் காலையில் காரை நிறுத்திய இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிடுவார். காரின் மூக்கு பஞ்சு ஷெட்டைப் பார்த்தபடி நிற்கும். பறந்து வந்த பஞ்சையெல்லாம் ஃபேன் ஆசையாக இழுத்து அப்பிக்கொண்டிருக்கிறது.

"அட, நம்ம பஞ்சு!" என்றார் சுவருக்கு மேலிருந்து ஷெட் முதலாளி. கேஸ்கட் என்று சொன்ன தலை மெல்லச் சுவருக்குக் கீழே இறங்கியது.

மாமியார் அந்தப் படலத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அலசிக் காயவச்சா பிள்ளைக்குத் தலகாணிக்கு ஆகும்ல? இலவம்பஞ்சு குளிர்ச்சிடா."

"காரையே கொதிக்கவச்ச குளிர்ச்சிம்மா அது. கீழ போடு."

ரெண்டு நாள் கழித்து, காலைப் பலகாரம் முடிந்த நேரத்தில் எனக்கு வலி வந்துவிட்டது. மாமியாரோடு பின்சீட்டில் ஏறினேன். கார் கிளம்பியதும் என் கணவர் ஒரு கண்ணைச் சாலையிலும் இன்னொன்றைச் சூடு காட்டும் முள்ளிலும் வைத்துக்கொண்டார். "முள்ளு ஏறவே இல்ல!" என்று சந்தோஷமாகக் கத்தினார்.

"எனக்கு ஏறுது! ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!" என்று நானும் கத்தினேன்.

பாதி வழியில் ஒரு ஆட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டது. நின்ற இடத்தில் எஞ்சின் ஓட, முள் லேசாக மேலே நகர்ந்தது. மாமியார் முன்சீட்டைத் தொட்டுக் கும்பிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் என் வலியை மறந்துவிட்டு நானும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆடு விலகி, கார் நகர்ந்து, முள் இறங்கியபோது மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம்.

தேனி ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் அடிப்பதற்குள் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்தார். "வாங்க சார்! இன்னைக்கு அக்காவையும் கூட்டியாந்துட்டீகளா!"

என் மாமியார் ஒன்றும் புரியாமல் விழித்தார். வாட்ச்மேன் அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தெனமும் சாயந்தரம் சார் இங்கன வருவாகம்மா. ஸ்ட்ரெச்சர் எங்கன இருக்கும், எந்த வாசல் வழியாப் போகணும்னு கேப்பாக. வண்டிக்குத் தண்ணி ஊத்துவாக, ஆறுனதும் போயிருவாக. உள்ள யாரையும் பாக்க மாட்டாக."

என் கணவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டிப் பழகப் போவதாகச் சொன்னதெல்லாம் இதற்குத்தானா? அடுத்த வலி வருவதற்குள் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்று சாயங்காலம் எங்கள் மகள் பிறந்தாள்.

தனக்குப் பயமாக இருந்தது என்று இன்றுவரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து, அவர் பேசாமல் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், என்ன கெட்டுப்போனது என்று நான் கேட்பதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.