மாமாவின் இடது முழங்கால்

கால்பந்துப் பயிற்சி முடிந்து வந்த மகள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில் எண்பதுகளின் கோலசிலாங்கூர் தோட்டத்தில் நாங்கள் வாழ்ந்த தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுவதும் திரும்பி வந்தது.

அம்மாவின் தம்பி செல்வம் மாமாதான் எங்கள் தோட்டத்துக் கால்பந்து அணிக்குக் கோல் அடிப்பவர். இருபத்திரண்டு வயதில் அவருடைய இடது முழங்கால் வீங்கியது. கோல் கம்பத்தடியில் யாரோ ஓர் எலுமிச்சம்பழத்தைக் கண்டெடுக்க, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று லயமே நம்பியது.

"எவன்டா உதைச்சான்? பேரச் சொல்லு" என்று அம்மா மட்டும் விடாமல் கேட்பார்.

"யாரும் உதைக்கல லா, அக்கா. என்னைப் பிடிச்சாத்தானே உதைக்க முடியும்?" என்று மாமா சிரிப்பார்.

மந்திரிப்பதும் எண்ணெய் போட்டு உருவிவிடுவதுமாக நான்கு மாதம் போனது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எலும்புப் புற்றுநோய் நுரையீரல்வரை பரவியிருந்தது. அடுத்த தீபாவளிக்கு மாமா இல்லை. அதன் பிறகும் அந்த இரண்டு தோட்டங்களும் சேர்ந்து ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

"யாராவது உதைச்சாங்களா?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஆமாம்மா. அந்த கோல்கீப்பர் வேணும்னே உதைச்சா."

முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன். பிறகு, மாமாவின் கதை தெரிந்த மகள் என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறாளோ என்று தோன்றியது. எக்ஸ்ரே எடுக்க அவளைக் காரில் ஏற்றினேன்.