கிழட்டுக் குதிரைக்கு ஒரு மெட்டு

இதில் ஒரு வரிகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் டூகலிடம் கேட்டுப் பாருங்கள். எழுந்து போய்விடுவான்.

எங்கள் ஏர்ஷயர் நாட்டுப்புறத்தில் கவிஞர் என்றால் ஒருவர்தான். ஏர் உழுதுகொண்டே பாட்டுக் கட்டியவர். ஜனவரி 25 அவர் பிறந்தநாள். ஊர்க்கூடத்தில் ஹாகிஸ் என்ற ஆட்டிறைச்சி விருந்து, விஸ்கி, ஆட்டம் எல்லாம் உண்டு. இந்த முறை அவர் பாட்டுகளை மனதில் வைத்து, பழைய நாட்டு முறையில் ஆறு புது மெட்டுகள் போட்டிருந்தேன். நான் பிடில். டூகல் அக்கார்டியன். இருபது வருடக் கூட்டு. ஆறாவது மெட்டு, கவிஞர் பாடிய கிழட்டுப் பெண்குதிரைக்கு. அதன் நடைபோலவே மெதுவாகப் போகும். நாலாவது தட்டு மட்டும் கொஞ்சம் பிந்தி விழும்.

"உன் குதிரைக்கு மூட்டுவலியா எல்ஸ்பெத்?" என்றான் டூகல், முதலில் கேட்டபோது.

"உனக்கு இருக்கிற மாதிரிதான். வாசி."

ஊர்க்கூடத்தில் பெயின்ட் வேலை நடந்தது. ஒத்திகைக்கு இடம் இல்லை. ஜீன் ரென்னி என்ற பண்ணைக்கார அம்மா தன் பழைய கதிரடிக்கும் கொட்டகையைக் கொடுத்தார். கல் சுவர், பலகைத் தரை, ஒரே ஒரு கதவு. உள்ளே குளிர்காற்று வருமென்று அதைக் குறுக்கே இரும்புக் கம்பி போட்டு அடைத்தோம். பண்ணையில் ஆடுகள் மட்டும்தான். டிராக்டர் வந்த பிறகு அங்கே குதிரையே கிடையாது.

ஜனவரி 19. பிற்பகல் 3.40. ஐந்து மெட்டு முடிந்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஜனவரியில் எங்களுக்கு அவ்வளவுதான் வெளிச்சம்.

3.52. குதிரை மெட்டு. இரண்டாம் சுற்றில் டூகல் காலால் தாளம் போடுவது கேட்டது.

டொக்... டொக்... டொக்...... டொக்.

கனமான தட்டு. மெட்டோடு அழகாகச் சேர்ந்தது. சிரித்துக்கொண்டே அவன் பக்கம் திரும்பினேன். அவனுடைய இரண்டு பாதங்களும் நாற்காலிக் கம்பியின் மேல் இருந்தன.

அவன் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். சத்தம் நிற்கவில்லை. நடை ஓட்டமானது. டொக்டொக் டொக்டொக்... எங்களை நோக்கி. பலகை அதிர்ந்து என் தேநீர்க் கோப்பை சாய்ந்தது. விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. நாலு மூலையும் தெரிந்தது.

ஒன்றும் இல்லை.

"வாசி," என்றான் டூகல். "எல்ஸ்பெத்... வாசி."

வாசித்தேன். அவனும் சேர்ந்துகொண்டான். ஓட்டம் மறுபடி நடையானது.

3.58. பிடில் பிடித்த கையில் வாட்ச், கண்ணுக்கு நேரே. எழுந்தோம். கதவு பதினைந்து அடி தூரம். வாசித்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். டூகல் முன்னால், நான் பின்னால்.

எனக்குப் பின்னால்... அது.

நனைந்த ரோமத்தின் வாடை. என் பிடரியில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு. போய், மறுபடி வந்தது.

கதவுக் கம்பியை எடுக்க இரண்டு கையும் வேண்டும். டூகல் திரும்பாமலே சொன்னான்:

"நான் நிறுத்தணும். நீ மட்டும் நிறுத்திடாதே."

அக்கார்டியன் நின்றது.

எனக்கு ஒரு சுரம் பிசகியது. பின்னாலிருந்த மூச்சும் நின்றது...

பிசகிய இடத்திலிருந்தே மறுபடி பிடித்தேன்.

டொக்.

கம்பி கீழே விழுந்தது. கதவு திறந்தது. டூகல் வெளியே ஓடினான்.

நான் ஓடவில்லை. வாசித்துக்கொண்டே வாசற்படியைத் தாண்டினேன்.

டொக்... டொக்... டொக்......

நாலாவது விழவில்லை.

மணி 4.06.

ஜீன் அம்மா ஆளுக்கு ஒரு விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். எலியாக இருக்கும் என்றார். 25-ஆம் தேதி ஐந்து மெட்டுகள்தான் வாசித்தோம். ஆறாவது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அன்று இரவோடு டூகல் அக்கார்டியனைப் பெட்டியில் பூட்டினான். வேறு யாரையாவது சேர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டான். நான் சேர்க்கவில்லை.

மார்ச்சில் கொட்டகைத் தரை ஈரத்தில் இற்றுவிட்டதென்று பலகைகளைக் கழற்றினார்கள். ஜீன் அம்மா எனக்குப் போன் செய்தார். போனேன்.

அடியில் குதிரை மண்டையோடுகள். பயப்பட ஒன்றுமில்லை என்றார் தச்சர். அறுவடை முடிந்து ஆட்டம் பாட்டு நடக்கும் தரைக்கு அடியில் அந்தக் காலத்தில் வைப்பார்களாம். காலடிச் சத்தம் நன்றாக முழங்குமாம். கொட்டகை நடுவே, களிமண்ணில் வரிசையாக எட்டுக் குழிகள். ஏழில் ஏழு மண்டையோடுகள். எட்டாவது குழி காலி.

தச்சர் ஆணிகளைக் காட்டினார். பட்டறையில் அடித்த பழைய ஆணிகள். துருவேறி மரத்தோடு ஒட்டிப்போனவை. இருநூறு வருடமாக ஒரு பலகைகூடக் கிளப்பப்படவில்லை என்றார்.

பிறகு என்னைக் கதவருகே கூட்டிப்போனார்.

எட்டாவது அங்கே கிடந்தது. காலிக் குழியிலிருந்து அதுவரை களிமண்ணில் ஒரே இழுவைத் தடம். மூக்கெலும்பு வாசற்படிக் கல்லில் முட்டி, முனை உடைந்திருந்தது.