யோசித்துச் சொல்ல வேண்டாம்

ஊர்க்கோடியில் கழக்கூட்டத்தில் இருக்கும் ஆபீசிலிருந்து ஜுரத்தோடு வந்த என் கணவர், கையில் சாவியை வைத்துக்கொண்டே, "சாவி எங்கடி?" என்றார். கேலி செய்தேன். அவர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டபோது ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன்.

மூளையழற்சி (கிருமி தொற்றி மூளை வீங்குவது) என்றார்கள். உயிரோடு மீட்டுக் கொடுத்தார்கள். என்னைத் தெரிந்தது. கிழக்கேகோட்டையில் அவர் வளர்ந்த தெரு தெரிந்தது. புதிதாக எதுவும் தங்கவில்லை. மகள் பிறந்ததும் காட்டினேன்; முகமெல்லாம் சிரிப்பு. காபி குடித்துவிட்டு வந்து, "இது யாராத்துக் குழந்தை?" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நான் பண்ணின கூத்தை நீங்கள் பண்ணாதீர்கள்.

நான் கணக்கு டியூஷன் எடுப்பவள். விடையைச் சொல்லவே மாட்டேன். குழந்தைகளை யோசிக்க வைப்பேன். அவரிடமும் அதே அதிகாரம். "ஏன்னா, நம்ம பொண்ணு பேர் என்ன? யோசிச்சுச் சொல்லுங்கோ." எங்கள் வீடுகளில் முதல் பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பெயரை வைப்பது வழக்கம். அவரும் அதன்படி யோசித்து, "ராஜம்" என்பார். "இல்லை, மித்ரா" என்பேன். மறுநாளும் ராஜம். போகப் போக, நான் கேட்டு முடிப்பதற்குள் ராஜம்!

நினைவுப் பயிற்சி தரும் உளவியலாளர், மலையாளிப் பெண், தலையில் கைவைத்துக்கொண்டார். "சேச்சி, ஊகிக்கச் சொல்லவே சொல்லாதீங்க, கேட்டோ. நீங்க திருத்தினது அவருக்கு மறந்து போகும். வாயில வந்த பேரு மட்டும் அங்கேயே இருக்கும்."

தவறு செய்தது நினைவிருந்தால்தானே திருத்திக்கொள்ள முடியும்? அதுவரை இது எனக்கு உறைக்கவே இல்லை.

அதன்பின் கேள்வியே கிடையாது. குழந்தையை அவர் தோளில் போடும்போதே "மித்ரா" என்பேன். அவர் திருப்பிச் சொல்வார். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. பிறகு இன்னும் நீண்ட இடைவெளி. எனக்கோ வாய் நமநமவென்றது. "நேத்து நடந்தது ஞாபகமிருக்கா?" என்று கேட்க எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா! மித்ரா முதன்முதலாகக் குப்புற விழுந்ததை நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். அதைப் பற்றிப் பேச எனக்கு ஆளில்லை.

மாதங்கள் ஓடின. ஒரு மத்தியானம் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே அழுகை. நான் போவதற்குள் அவரே தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். "மித்ரா, அழப்படாதும்மா."

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கூச்சம்.

"இந்தக் குழந்தையை இப்பத்தானே பாக்கறேன்? பேர் எப்படி எனக்குத் தெரியும்?"

"நம்ம பொண்ணுன்னா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நம்ம பொண்ணா? எப்போ பொறந்தா?" என்று அவர் பூரித்துப் போனார்.

நாளைக்கும் இதைச் சொல்வேன். நாளைக்கும் அவர் புதிதாக அப்பாவாகி அப்படியே பூரிப்பார். அந்தத் தோளும் கையும் அவளைப் பிறந்ததிலிருந்தே அறியும். மித்ரா அதில் நிம்மதியாகத் தூங்கிப்போகிறாள். இந்த வீட்டில் நேற்று என்பது எனக்கு மட்டும்தான் இருக்கிறது.