குடுவைச் செடியின் வேர்

ஆறாம் வகுப்புப் படிக்கும்போது நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் துணிச்சல் வரவில்லை என்பதைத் தவிர அதற்குப் பெருமையான காரணம் எதுவும் கிடையாது.

அந்த வருடம் மழைக்காலத்தில் அப்பாவின் தங்கை, என் அத்தை, பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் தங்கினாள். உடம்பு சரியில்லை, ஓய்வெடுக்க வந்திருக்கிறாள் என்றாள் அம்மா. காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. இது என்ன உடம்பு சரியில்லாமை என்று எனக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்கவும் எனக்கு நேரமில்லை. அத்தை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த தொட்டியில்தான் என் கண் இருந்தது. அதில் ஒரு குடுவைச் செடி. இலை நுனி கயிறு போல நீண்டு, அதன் முனையில் மூடியோடு ஒரு சிறு குடுவை தொங்கும். உள்ளே வழுக்கி விழுந்த எறும்பு வெளியே வராது. தெருப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டி, செடி என்னுடையது போலவே பேசிக்கொண்டிருந்தேன்.

செடியின் அடியிலிருந்து ஒரு கொடி கிளம்பித் தொட்டி விளிம்பைத் தாண்டி ஓடியிருந்தது. ஒரு நாள் அத்தை அதைப் பிளேடால் நறுக்கினாள். துண்டுக்கு இரண்டு கணுவாக நான்கு துண்டுகள். ஈரமான தேங்காய் நார்த்தூளைப் பிளாஸ்டிக் கப்புகளில் நிரப்பி, அவற்றை ஊன்றி, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலை ஒவ்வொன்றின்மேலும் கவிழ்த்தாள். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அது ஆகாது என்று மொட்டை மாடியில் வாளி வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரையே ஊற்றினாள். அப்பா தறி நெய்யும் அறைக்குப் பின்னால், நேர்வெயில் படாத ஜன்னலோரம் கப்புகளுக்கு இடம் கிடைத்தது.

"வேர் விட ஒன்றரை மாசம் ஆவும் கண்ணு. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. வேர் விட்டதும் ஒண்ணு உனக்கு" என்றாள்.

என் பொறுமை நான்கு நாள் தாங்கியது. அதன் பிறகு தினமும் பள்ளி விட்டு வந்ததும், அத்தை படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து, பாட்டிலைத் தூக்கிக் குச்சியை மெல்ல உருவிப் பார்ப்பேன். திரும்பச் செருகி நார்த்தூளை விரலால் அழுத்திவிடுவேன். ஒன்றோடு நிறுத்தவும் முடியாது. மற்றதில் வந்திருக்குமோ என்று தோன்றும்.

ஒரு மாதம் கழித்து, குச்சிகளின் அடியில் கரிய மயிர் போல ஏதோ தொங்கியது. நான்கிலும். வேர் வெள்ளையாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆகவே இது அழுகல் என்று முடிவுகட்டி, பரவுவதற்குள் நகத்தால் சுரண்டி எடுத்தேன். அன்று முழுக்க, ஆபரேஷன் முடித்த டாக்டரைப் போல நடந்துகொண்டிருந்தேன்.

பத்தே நாளில் இலைகள் சுருண்டன. குச்சிகள் பழுப்பேறிக் காய்ந்தன.

அத்தையை அழைத்துப் போக அவளுடைய மாமியார் வந்தார். கிளம்புவதற்கு முன் அத்தை பெரிய செடியை வேறு தொட்டிக்கு மாற்றினாள். அது கழன்று வந்தபோது அடியெல்லாம் கரிய மயிராகத் தொங்கியது.

"அழுகிப்போச்சா அத்தை?"

"இல்லடி, இதான் வேரு. இந்தச் செடிக்குக் கருப்பாதான் இருக்கும். அந்த நாலுல ஒண்ணுகூட வேர் விடல பாரு. நான் என்ன தப்பு பண்ணனோ தெரியல."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள், நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்த மாமியார் கப்புகளை எட்டிப் பார்த்தார். கெட்டவர் இல்லை, எனக்கு மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். வாயில் வந்ததைப் பேசிவிடுகிறவர், அவ்வளவுதான்.

"செடிகூட இவ கையில தங்க மாட்டேங்குது, பாரும்மா" என்றார் என் அம்மாவிடம்.

அறைக்குள் தறிச் சத்தம் நின்றது. அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். அத்தை தலை நிமிராமல் நான்கு கப்புகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

நான்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதுகில் ஓர் அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பயந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழி அத்தைமேல் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. இன்றைக்கும் என்னைக் கூசவைப்பது அந்த நிம்மதிதான்.

அத்தை பின்பக்கம் போய், முகம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நாலு குச்சிக்காக ஒரு பெரிய மனுஷி இப்படி அழுவாளா என்று எனக்கு ஆச்சரியமாகவும் பயமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லாமலே குற்றத்தைக் குறைத்துக்கொள்ளப் பார்த்தேன். அருகில் போய் அவள் புடவையைப் பிடித்தேன்.

"அழாத அத்தை. போனது போவட்டும். இன்னொண்ணு வச்சிக்கலாம்."

அத்தை குழாயை மூடினாள். "எல்லாரும் இதையேதான் சொல்லிக்கினு இருக்காங்க" என்றாள். "நீயுமாடி?"

ஐந்தாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்துதான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள் என்பதை அம்மா எனக்குச் சொன்னது, நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அத்தையின் பையைச் சுமந்துகொண்டு பஸ் நிலையம் வரை போனேன். நாலு குச்சி காய்ந்ததற்கு இத்தனை பேர் எப்போது வந்து ஆறுதல் சொன்னார்கள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.