இருபத்தைந்தாம் திகதி சும்மா கிடந்த கோயில்

வாசலில் மலைபோலக் குவிந்துகிடந்த எங்கள் பனிச் சப்பாத்துகளுக்கு நடுவே ஒரு சோடி கறுப்புத் தோல் சப்பாத்து. நன்றாகத் துடைத்து மினுக்கியது. அந்த ஆர்மேனியப் பேராயரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய வெண்தாடியோ கூரான கறுப்பு முக்காடோ அல்ல, அந்தச் சப்பாத்துத்தான்.

அந்த வருடம் மார்கழி நடுவில் எங்கள் தமிழ்ச் சபைக்கு இடம் இல்லாமல் போயிற்று. ரொறொன்ரோவில், டோர்செட் பார்க்கில் வாடகைக்கு எடுத்திருந்த நிலக்கீழ் மண்டபத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்துக் கதிரைகள் எல்லாம் நாறிப்போயின. கிறிஸ்மஸுக்கு ஆங்கிலச் சபையோடு போய் இருப்போம் என்றார் போதகர். "அப்ப பிறகு எங்களுக்கெண்டு ஒரு சபை என்னத்துக்கு? இந்த வருசத்தோட இழுத்து மூடுவம்," என்றார் செயலாளர் அங்கிள். கோபத்தில் சொன்னதுதான், ஆனாலும் பலர் தலையாட்டினார்கள். நான் தமிழில் பாடப் பழகியதே அந்தச் சபையில்தான்.

அப்போது நான் படிப்பை முடிக்காமலே பத்து வேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு திரிந்தேன். அதில் ஒன்று, ரொறொன்ரோத் திருச்சபைகள் சேர்ந்து நடத்திய ஒற்றுமைக் குழு. பேராயர்தான் தலைவர். கிறிஸ்துவின் இயல்பு ஒன்றா இரண்டா என்று ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன் பிரிந்தவர்களை ஒரே மேசையில் இருத்துவார். பேச்சுச் சூடாகும்போது தானே எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றி வருவார். கையில் கோப்பை இருந்தால் யாரும் மேசையில் குத்த முடியாது என்பார்.

அந்த வாரக் குழுக் கூட்டம் முடிந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். "இருபத்தைந்தாம் திகதியா? அன்றைக்கு எங்கள் கோயில் சும்மாதானே கிடக்கிறது," என்றார். ஆர்மேனியர்களுக்குக் கிறிஸ்து பிறப்பு தை, அதாவது ஜனவரி, ஆறாம் திகதி. நானும் இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்து என்ன, அன்றைக்கு அங்கே ஒரு கட்டடம் காலியாக இருக்கும் என்று மண்டையில் ஏறவில்லையே!

அவருடைய நிர்வாகக் குழு சம்மதிக்கவில்லை. கம்பளம் பழுதாகும், மேளம் அடிப்பார்கள், அவர்கள் நம்மவர்கள் அல்ல என்றார்களாம். இதைப் பின்னர் அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னார். அவர் வாதாடவில்லையாம். "இனப்படுகொலையில் நம் முன்னோர் உயிர் தப்பி ஓடியபோது முதல் ஞாயிறு யாருடைய கோயிலில் நின்று ஜெபித்தார்கள்?" என்று மட்டும் கேட்டாராம். சிரியர்களுடையதில் என்றார் ஒருவர். கிரேக்கர்களுடையதில் என்றார் இன்னொருவர். தன் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாயே திறந்ததில்லை என்றார் பொருளாளர். கடைசியில் எங்கள் கையில் சாவியைத் தந்தவரும் அந்தப் பொருளாளர்தான்.

கிறிஸ்மஸ் காலை நல்ல பனி. எங்கள் ஆட்கள் ஊர்ப் பழக்கத்தில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட, கதவு திறக்க முடியாமல் பொருளாளர் பதறிப்போனார். பின்னால் வந்த பேராயர் குவியலைப் பார்த்தார். குனிந்து தன்னுடையதையும் கழற்றி வைத்தார். "நம் குருக்கள் பீடத்தில் ஏறும்போதுதான் கழற்றுகிறார்கள். இவர்களுக்கு வாசலே பீடம்," என்று பொருளாளரிடம் சொல்லிவிட்டு, காலுறையோடு வந்து கடைசி வாங்கில் அமர்ந்தார். கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்த தன் மகனைச் செயலாளர் அங்கிள் முறைத்தார். "டேய், பிஷப்பே கழட்டிப்போட்டார், நீ என்ன பெரிய ஆளோ?" சபையை மூடுவம் என்ற அந்த மனுசன்தான் அன்று எல்லோரையும் விட உரத்துப் பாடினார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒவ்வொரு கிறிஸ்மஸும் அங்கேதான். ஆராதனை முடிந்ததும் நாங்கள் பொரித்துக் கொண்டுபோகும் மீன் ரோல்ஸில் ஒரு தட்டு பொருளாளருக்கும் போகும். தை ஆறில் எங்கள் அண்ணைமார் போய் அவர்களுடைய கார் நிறுத்துமிடத்தில் பனி தள்ளுவார்கள். யாரும் கேட்டதில்லை, போவார்கள்.

கடந்த கோடையில் பேராயர் ஓய்வுபெற்று, கடல் கடந்து ஒரு மடத்துக்குப் போய்விட்டார். எங்களிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லை, இருந்தது அவருடைய வாய்ச்சொல் மட்டும். புதியவரிடம் எப்படிக் கேட்பது என்று போதகரும் நானும் மின்னஞ்சலை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தோம். அதற்குள் பொருளாளரே தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

"இருபத்தைந்தாம் திகதி எத்தனை மணிக்கு வருகிறீர்கள்? ரோல்ஸ் இந்த முறை கொஞ்சம் கூடக் கொண்டுவாருங்கள். புதுப் பேராயரும் வருகிறாராம்."