அம்மாயியின் முப்பதாம் நாள்

1983, மாசி மாதம். சென்னையில் இரவு ஏறிய திருச்சி பஸ் விடியற்காலையில் என்னைப் பெரம்பலூரில் இறக்கிவிட்டது. என் அம்மாவைப் பெற்ற அம்மாயி சவரியம்மாளுக்கு அன்று முப்பதாம் நாள் பூசை. தந்தி தாமதமாக வந்ததால் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. நாற்பது பைசாவுக்கு ஒரு டீ குடித்துவிட்டு அரியலூர் பஸ் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர், இருபக்கமும் பருத்திக் காடு. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதி அரியலூர்வரை கூடவே வந்தது.

அம்மாயி எண்பதைத் தாண்டியவர். நடவுக்கும் களைக்கும் போய் ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். ஞாயிறு தவறாமல் நாலு மைல் நடந்து பூசைக்குப் போவார். சாயங்காலம் ஜெபமாலை முடித்து, எங்கள் எல்லாருடைய பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்வார். கடைசியில் 'தனம்' என்று ஒரு பெயர் வரும். யாரென்று கேட்டால், "அதுவும் ஒரு புள்ளதான்" என்பார்.

ஒன்பது மணி வாக்கில் விக்கிரமங்கலம் போகும் பஸ் கிளம்பியது. முன் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர். காதில் கல் தோடு. மடியில் இலையில் பொதிந்த மாலை. திரும்பிப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி எந்த ஊருக்கு?"

சொன்னேன்.

"அட, எங்க ஊருதான். யாரு வூட்டுக்குப் போறீங்க?"

எங்கள் தெரு ஊரைவிட்டுத் தள்ளித் தனியாக இருக்கிறது. அதைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அவரோ பண்ணை வீட்டு அம்மாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. நாக்கு முந்திக்கொண்டது.

"சொந்தக்காரங்க யாருமில்லீங்க. சர்வே ஆபீஸ் வேலையா வந்திருக்கேன்."

"அப்படிங்களா" என்று திரும்பிக்கொண்டார். ஊரில் இறங்கியதும் அவர் ஊருக்குள் போய்க் கண்ணுக்கு மறையும்வரை மரத்தடியில் நின்றுவிட்டுத்தான் எங்கள் தெருவுக்கு நடந்தேன்.

வீட்டு முன்பு பந்தல் போட்டிருந்தார்கள். பூசை முடிந்தது. உபதேசியார், "அம்மாவப் பத்தி யாராவது நாலு வார்த்தை பேசுங்க" என்றார். பெண்கள் பக்கத்தில் பாயிலிருந்து ஒருவர் எழுந்தார். பஸ்ஸில் வந்த அம்மாள்.

"எம் பேரு தனலட்சுமி. பண்ணை வூட்டுப் பொண்ணு. நான் பொறந்த அன்னிக்கே எங்கம்மா செத்துப்போச்சு. பொழுது சாஞ்சதும் இந்த அம்மாதான் எங்க மாட்டுக் கொட்டாய்க்கு வந்து எனக்குப் பால் குடுத்துச்சு. வெளியில தெரிஞ்சா எனக்குக் கேவலம்னு சாகுற வரைக்கும் மூச்சு விடல. எங்கப்பா கடைசி நேரத்துலதான் எங்கிட்ட சொன்னாரு. இனி நான் எதுக்கு மறைக்கணும்?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அக்கா, தெனமும் ஜெபத்துல உங்க பேரு வரும்க்கா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னை முன்னால் இழுத்தாள். "இவன் என் பெரியவன். மெட்ராஸ்ல வேலை."

தனலட்சுமி அம்மாள் என்னை நேராகப் பார்த்தார்.

"பாத்தனே. பஸ்ஸுல எனக்குப் பின்னாடிதான் வந்தாரு. நல்லாத் தூங்கிட்டு வந்தாரு, பேச முடியல."

அம்மாயி படத்துக்கு மாலையைப் போட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். என் இலையில் சோறு அப்படியே கிடந்தது.

மறுநாள் காலை அம்மா ரோடுவரை என்னுடன் வந்தாள். தூரத்தில் பஸ் தெரிந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"சின்னதுலேர்ந்து நீ பஸ்ஸுல தூங்குனதே இல்லடா. அவங்க உங்கிட்ட என்ன கேட்டாங்க?"

"யாரு வூட்டுக்குன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சொந்தக்காரங்க யாருமில்லன்னு."

அம்மா கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினாள். "ஏறு, பஸ்ஸு போயிடப் போவுது" என்றாள். பஸ் ஜன்னல் வழியே பார்த்தபோது தெருவை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

சென்னையில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த ஊரின் பெயர் தெரியாது. யார் கேட்டாலும் "திருச்சிப் பக்கம்" என்று சொல்லும்படி நான்தான் பழக்கி வைத்திருக்கிறேன்.